பல்டி அடித்த பெட்டி

"மேஜையில யாரும் கை வைக்காதீங்க! மூச்சு கூட விடாதீங்க!" என்று கத்தினார் பல் டாக்டர்.

மூச்சு விடாமல் எப்படிச் சாப்பிடுவது என்று அவர் மனைவி யோசித்தாள். சாப்பாட்டு மேஜையில் முக்கால்வாசி இடத்தை ஒயர்கள், சர்க்யூட் போர்டுகள், சால்டரிங் அயன், கிளினிக்கிலிருந்து கடத்தி வந்த வாய்க்கண்ணாடி எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தன. மிச்சம் இருந்த கால்வாசியில் அவளும் அவள் தங்கையும் தட்டை மடியில் வைக்காத குறையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, இந்த ஒரு வாய் முழுங்கிக்கவா? இல்ல அப்படியே வச்சிருக்கவா?" என்றாள் தங்கை. வேலை தேடி வந்து அக்கா வீட்டில் தங்கியிருப்பவள். வேலை கிடைக்கிற வரைக்கும் மாமாவைக் கிண்டல் பண்ணுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தாள்.

டாக்டர் காதில் வாங்கவில்லை. தகர டப்பாவில் அவர் பொருத்தியிருந்த உள்ளங்கை அளவு திரையில் ஒரு கோடு வந்தது. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் இஸ்திரி போட்ட மாதிரி நேர்க்கோடு.

அவர் முகம் தொங்கிப்போனது.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"போனது அத்தனையும் திரும்பி வருதாம்."

"என் வேலை அப்ளிகேஷன் மாதிரியா மாமா?"

விஷயம் இதுதான். பல் டாக்டருக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம். மூன்றாவது மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டை மாடியில் நீளமாக ஒரு கம்பி. மற்றவர்களுக்கு அது துணி காயப்போடுகிற கம்பி, அவருக்கு ஆன்டெனா. அதிலிருந்து ஒரு கேபிள் ஜன்னல் வழியாக இறங்கி ரேடியோவுக்கு வரும். காலையில் கிளினிக் கிளம்பும் முன்னால் அதில் பேசிவிட்டுத்தான் கிளம்புவார்.

அதில் என்ன அப்படி ஒரு ஆசை என்று கேட்டால் நியாயமான பதில் வைத்திருந்தார். நாள் முழுக்க அவர் பேசுவது வாயைப் பிளந்து படுத்திருக்கிறவர்களோடு. "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டால் "ஆ" என்பார்கள். "வெயில் ஜாஸ்தியா?" என்றால் அதற்கும் "ஆ". ரேடியோவில்தான் அவருக்கு முழு வாக்கியத்தில் பதில் கிடைத்தது.

அதுவும் ஒரே ஒரு ஆளிடமிருந்து. அந்த ஆள் பெயர் வீட்டில் 'தீவுக்காரர்'.

முதல் நாளே தீவுக்காரர், "சார், உங்க குரல் பிரமாதமா வருது! எங்கேருந்து பேசுறீங்க?" என்று கேட்டிருந்தார். மூன்றாவது மாடி என்று சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை. "மலை உச்சிலேருந்து சார். மேகம் ஒரு ஜன்னல்ல வந்து இன்னொரு ஜன்னல்ல போகும்" என்று சொல்லிவிட்டார். "அப்படியா! நான் தீவுல இருக்கேன் சார். ராத்திரியானா கலங்கரை விளக்கத்து வெளிச்சம் என் கட்டில்ல விழும்" என்றார் அவர். ரேடியோக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற அழைப்புக்குறி எந்த நாடு என்றுதான் சொல்லும். மலையா மடுவா என்றெல்லாம் சொல்லாது.

"மூணாவது மாடி எப்ப மாமா மலையாச்சு?" என்று மச்சினி கேட்டதற்கு, "லிஃப்ட் வேலை செய்யாத அன்னிக்கு ஏறிப் பாரு, தெரியும்" என்றார்.

லிஃப்டில்தான் வில்லங்கமே ஆரம்பித்தது. 'கதவு மூடுகிறது' என்று தேனாகச் சொல்லும் பெண் குரல் ஒரு காலையில், 'ஹலோ ஹலோ, கேக்குதா, ஓவர்' என்று கட்டைக் குரலில் சொன்னது. அடுத்த நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நேரிலேயே வந்து நின்றுவிட்டார்.

"டாக்டர், என் டி.வி.யில செய்தி வாசிக்கிற பொண்ணு வாயைத் திறந்தா உங்க குரல் வருது. மந்திரி ராஜினாமான்னு கீழ எழுத்து ஓடுது. நீங்க 'இங்க மேகமெல்லாம் ரம்மியமா இருக்கு'ங்கிறீங்க. என் சம்சாரம் நீங்கதான் புது மந்திரியான்னு கேக்குறா."

"சார், என் ஆன்டெனா மேல தப்பே இல்ல. குடுக்கிறத எல்லாம் அப்படியே ஆகாசத்துக்கு அனுப்பிடும். வீட்டுக்குள்ள ஒழுகவே ஒழுகாது."

"ஆதாரம்?"

"மாடிக்கு வாங்க, காட்டுறேன்."

"மாடிய நான் பூட்டியாச்சு. கமிட்டி முடிவு. ஞாயித்துக்கிழமை காலையில வருவேன். கம்பி ஒழுங்கா வேலை செய்யுதுன்னு நிரூபிச்சீங்கன்னா சாவி உங்களுக்கு. இல்லேன்னா கட்டிங் பிளேயர் கம்பிக்கு."

"மாடிக்கே போகாம எப்படி சார் நிரூபிக்கிறது?"

"பல்லைப் புடுங்காமலே வேரைப் பாக்குறீங்கல்ல?" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார் செயலாளர்.

எதேச்சையாகச் சொன்ன வார்த்தை டாக்டர் மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கியது. அன்று சாயங்காலமே மேஜை போச்சு.

"நெட்வொர்க் அனலைசர்னு ஒரு கருவி" என்று மனைவிக்கு விளக்கினார். "பல்லை லேசா தட்டினா வேர் எப்படி இருக்குன்னு தெரியும்ல? அதே கதைதான். கேபிளோட இந்த முனையில கொஞ்சூண்டு சிக்னலை அனுப்பும். எவ்வளவு போச்சு, எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு பாக்கும். ஆன்டெனா நல்லா இருந்தா போனது போனதுதான். திரும்பி வராது. கோட்டுல அழகா ஒரு பள்ளம் விழும்."

"கடையில வாங்கலாமே?"

"கடையில வாங்கினதைக் காட்டினா செகரெட்டரி கடைக்காரனைப் பாராட்டுவார். என்னைப் பாராட்ட மாட்டார்."

மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்ட். எதையும் அந்த வழியாகத்தான் புரிந்துகொள்வாள். "அப்ப இது நம்ம தரப்பு சாட்சி" என்றாள்.

"கரெக்ட்!"

அந்தச் சாட்சிதான் இப்போது கூண்டில் ஏறிய முதல் நிமிஷமே எதிர்க்கட்சிக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"சாட்சி பல்டி அடிச்சிருச்சுங்க" என்றாள் மனைவி, கைகழுவ எழுந்தபடி.

"பெட்டியில கோளாறு. தகர டப்பாவுல வச்சா இப்படித்தான். நல்ல எவர்சில்வரா இருந்தா வெளி சிக்னல் உள்ள வராது" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

மறுநாள் அவர் மனைவி மதியச் சாப்பாட்டை ஐஸ்கிரீம் டப்பாவில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். அவளுடைய டிபன் பாக்ஸில் நான்கு ஓட்டை விழுந்து, உள்ளே அனலைசர் குடியேறியிருந்தது.

கோடு அசையவில்லை. நேர்க்கோடு.

"சொல்லிக் குடுத்தது சரியில்லையோ?" என்று தாடையைச் சொறிந்தார் டாக்டர். இந்தப் பெட்டிக்கு வேலைக்கு முன்னால் பாடம் எடுக்க வேண்டும். முதலில் ஒன்றுமே மாட்டாத முனை, அடுத்து ஷார்ட் பண்ணிய முனை, கடைசியாக ஐம்பது ஓம் ரெசிஸ்டர் மாட்டிய முனை. முதல் இரண்டிலும் போனதெல்லாம் திரும்பும், மூன்றாவதில் எதுவும் திரும்பாது. இதைக் காட்டிக் காட்டிப் பழக்கினால்தான் அதற்கு நல்லது கெட்டது தெரியும்.

அவர் உட்கார்ந்து பழக்கினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுக்கிற பொறுமையோடு பழக்கினார். பெட்டி மூன்று பாடத்தையும் முத்து முத்தாக ஒப்பித்தது. ஆன்டெனா கேபிளை மாட்டியதும் மறுபடி நேர்க்கோடு.

"பரிட்சையில எல்லாம் சரியா எழுதுது, நிஜத்துல மட்டும் பொய் சொல்லுது" என்று புலம்பினார்.

"ஒருவேளை நிஜத்துலயும் உண்மையச் சொல்லுதோ?" என்றாள் மனைவி.

"அதெப்படி? எல்லாம் திரும்பி வருதுன்னா தீவுக்காரருக்கு எப்படி கேக்கும்? காலையில கூட பேசினேன். 'பக்கத்து நாற்காலியில உக்காந்து பேசுற மாதிரி இருக்கு சார்'ங்கிறாரு!"

அவள் பேச்சை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அந்த வெற்றியில் டாக்டருக்குப் புது உற்சாகம் பிறந்தது. வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு மின்சாதனம் இரைச்சல் போட்டு பெட்டியைக் குழப்புகிறது என்று கண்டுபிடித்தார். நேரே போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார்.

ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. உள் அறையிலிருந்து மச்சினியின் அலறல் மட்டும் நிற்கவில்லை.

"மாமா! இன்டர்வியூல இருந்தேன் மாமா!"

"ஐயையோ. எதுல நின்னுச்சு?"

"'உங்க பலவீனம் என்ன?'ன்னு கேட்டாங்க. 'என் பலவீனம் என்னன்னா'ன்னு ஆரம்பிச்சேன். போச்சு!"

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். கேட்டுக்கொண்டே ஒரு கண்ணால் திரையைப் பார்த்தார். நேர்க்கோடு. வாழ்நாள் முழுக்கப் பள்ளம் கண்ட இடத்தில் எல்லாம் அடைத்துப் பிழைத்த மனிதர், ஒரே ஒரு பள்ளத்துக்காக ஏங்கிப் போனார்.

பிறகு கேபிள் முனை மேல் சந்தேகம் வந்தது. கனெக்டரில் ஈரம் இறங்கியிருக்கும் என்று ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். நேர்க்கோடு. இன்னும் ஈரம் இருக்கும் என்று இன்னொரு சாண். வெட்ட வெட்டக் கேபிள் சுருங்கியது. மேஜை வரைக்கும் எட்டவில்லை. கேபிளை நீட்ட முடியாது, ஆகவே மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். மேஜை வந்ததால் சோபா நகர்ந்தது. சோபா நகர்ந்ததால் பீரோவைத் திறக்க முடியாமல் போயிற்று.

"என் கோர்ட்டு சேலையெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் மனைவி. குரல் அமைதியாக இருந்தது. டாக்டர் அந்த அமைதிக்குத்தான் பயப்படுவார்.

"ரெண்டே நாள்மா. ஞாயித்துக்கிழமை முடிஞ்சிரும்."

"ஏங்க, அந்தக் கம்பி போனாத்தான் என்ன? பேச ஆள் வேணும்னா நாங்க ரெண்டு பேரு இல்லையா?"

டாக்டர் சால்டரிங் அயனைக் கீழே வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் என்னைத் திட்டுறீங்க. அவரு என்னைக் கேக்குறாருமா. 'இன்னிக்கு என்ன பண்ணீங்க சார்'ங்கிறாரு. ஒரு கடைவாய்ப்பல்லைக் காப்பாத்தினேன்னு சொன்னா, 'மேல சொல்லுங்க'ங்கிறாரு. இதுவரைக்கும் யாராவது ஒரு கடைவாய்ப்பல்லைப் பத்தி மேல சொல்லச் சொல்லியிருக்காங்களா?"

மனைவி நேற்று போட்ட சேலையையே உதறி மறுபடி மடித்து வைத்தாள். சோபாவை நகர்த்தச் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிச் சந்தேகம் பிறந்தது. ரேடியோவின் முதுகிலிருந்து வரும் குட்டிக் கேபிள்தான் குற்றவாளியோ? அதன் ஒரு முனையை ரேடியோவிலேயே விட்டுவிட்டு மறுமுனையை டிபன் பாக்ஸில் மாட்டினார். அப்போதுதான் ஞாபகம் வந்தது: நாளைக் காலையில் தீவுக்காரர் கண்டிப்பாக வர வேண்டுமே, முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம்.

மைக்கை எடுத்தார். பட்டனை அமுக்கினார்.

அனலைசர் மாட்டியிருக்கும்போது பேசாதே. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இது. டாக்டரே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தட்டிப் பார்க்கிற பெட்டிக்குள் ரேடியோ முழு மூச்சில் கத்தினால் என்ன ஆகும்? டிபன் பாக்ஸின் நான்கு ஓட்டையிலிருந்தும் நான்கு புகை வந்தது.

"அக்கா, உன் டிபன் ரெடி" என்று சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டாள் மச்சினி.

டாக்டர் சிலையாக நின்றார். அந்தப் புகைக்கு நடுவில் ரேடியோவிலிருந்து ஒரு உற்சாகக் குரல் வந்தது.

"சொல்லுங்க மலைக்காரரே! என்ன சாயங்காலத்துல? சூப்பரா கேக்குது, ஓவர்!"

"பாத்தியா!" என்று துள்ளினார் டாக்டர். "ஆன்டெனாவே மாட்டல, பெட்டி எரியுது, அப்பவும் தீவுக்குக் கேக்குது! என் ரேடியோ அப்பேர்ப்பட்ட ரேடியோ!"

சாட்சி செத்தாலும் வழக்கு ஜெயிக்கும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். நாளைக்குச் செயலாளர் முன்னால் தீவுக்காரரையே பேச வைத்துவிடலாம். அதை மிஞ்சி என்ன ஆதாரம் வேண்டும்?

ஞாயிறு காலை செயலாளர் வந்தார். ஒரு கையில் மாடிச் சாவி, இன்னொரு கையில் கட்டிங் பிளேயர். உட்கார சோபாவுக்கு வழி இல்லாததால் நின்றுகொண்டே பேசினார்.

"இப்பத்தான் மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன். கேபிள் தனியா கிடக்கு. உங்க கம்பி காத்துல அவுந்து, பக்கத்து பில்டிங் ரெண்டாவது மாடி பால்கனியில தொங்குது. அந்த வீட்டுல இருக்கிறவரு அதுல துண்டு காயப்போட்டிருக்காரு."

டாக்டர் மெதுவாகத் திரும்பி, கரி பிடித்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"சாட்சி உண்மையத்தான் சொல்லியிருக்கு" என்றாள் மனைவி. "நாமதான் எரிச்சுட்டோம்."

"அப்ப கம்பியே இல்லாம..." டாக்டரின் கண்கள் விரிந்தன. "சார்! கம்பியே இல்லாம நான் தீவு வரைக்கும் பேசியிருக்கேன் சார்! உலகத்துலயே யாரும் செய்யாத காரியம்!"

"தீவா? எந்தத் தீவு?"

"இருங்க, நீங்களே கேளுங்க." ரேடியோவைப் போட்டார்.

"அதுக்குள்ள நீ போய் அந்தக் கம்பியக் கேட்டு வாங்கிட்டு வா" என்று தங்கையை அனுப்பினாள் மனைவி. "துண்டை மடிச்சுக் குடுத்துட்டு வா."

டாக்டர் தொண்டையைக் கனைத்து, வீட்டில் யாரிடமும் பேசாத கனத்த குரலில் கூப்பிட்டார். உடனே பதில் வந்தது.

"வணக்கம் மலைக்காரரே! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். நேத்து அந்தக் கடைவாய்ப்பல்லு என்ன ஆச்சு? ஓவர்!"

செயலாளரின் புருவம் ஏறியது. குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அவர் கட்டிங் பிளேயரை மேஜையில் வைத்தார். "நான் பேசலாமா?" என்று சின்னப் பையன் மாதிரிக் கேட்டு, மைக்கை வாங்கிக்கொண்டார்.

"சார், நான் இங்க... மலைச் சங்கத்துச் செயலாளர் பேசுறேன்" என்றார். டாக்டர் அவரை நன்றியோடு பார்த்தார். "தீவுல சாமானுக்கெல்லாம் என்ன பண்றீங்க? ஓவர்."

"எல்லாம் படகுலதான் சார் வரும். இன்னிக்கு அலை ஜாஸ்தி. ஜன்னல் வரைக்கும் தெறிக்குது. ஓவர்!"

"அடேங்கப்பா" என்றார் செயலாளர். மைக்கைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. "டாக்டர், இதைப் போய் வெட்டுறதாவது! லிஃப்டுல உங்க குரல் வந்தா வந்துட்டுப் போகட்டும். நான் கமிட்டியில பேசிக்கிறேன்." கையிலிருந்த மாடிச் சாவியை டாக்டர் உள்ளங்கையில் வைத்தார்.

டாக்டருக்குக் கண் கலங்கியது. மனைவி முதல் தடவையாக ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நானும் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிக்கிறேனே" என்றாள்.

டாக்டர் மைக்கை அவளிடம் நீட்டுவதற்குள் தீவுக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். "மலைக்காரரே, இன்னொரு விஷயம்..."

ஸ்பீக்கரில் 'டிங் டாங்' என்று ஒரு மணி கேட்டது.

"ஒரு நிமிஷம் சார், படகுக்காரன் வந்துட்டான்னு நினைக்கிறேன்" என்றார் தீவுக்காரர். பட்டனை அமுக்கிய வாக்கிலேயே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். செருப்புச் சத்தம் விலகிப் போவதும், தாழ்ப்பாள் விலகுவதும் அப்படியே வந்தன.

"படகுல காலிங் பெல்லா?" என்றார் செயலாளர்.

கதவு திறந்தது. மூச்சு வாங்க ஒரு பெண் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அங்கிள், பக்கத்து பில்டிங்லேர்ந்து வர்றேன், நீங்க துண்டு காயப்போட்டிருக்கிறது எங்க மாமாவோட கம்பி... அட, நீங்களும் இந்தப் பொட்டியோடதான் பேசுவீங்களா?"